பட்டியலில் பெயர் வந்த பிள்ளை

உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அறைக்குள் 'ஏ.ஐ.' எந்திரம் நுழைந்துவிட்டது. அது பிள்ளைகளின் எதிர்காலத்தைச் சொல்லுகிறது. அதை நம்பலாமா?

இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே காட்ஸ்மோர் என்ற விடுதிப் பள்ளிக்கூடம் உண்டு. 2023-ம் ஆண்டில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புதிய 'தலைமை ஆசிரியை' வந்தார். அவர் பெயர் அபிகெயில் பெய்லி.

இந்த அம்மாள் சம்பளம் வாங்குவதில்லை. லீவு கேட்பதில்லை. பிரம்பைத் தொடுவதில்லை. கோபமும் வருவதில்லை. காரணம், அவர் மனிதரே அல்ல. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஓர் எந்திர மூளை!

அந்தப் பள்ளிக்கு மனிதத் தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருக்கு யோசனை சொல்லத்தான் இந்த எந்திரம். பள்ளிக்கூடத்துக்குச் சட்டதிட்டம் எழுதுவது எப்படி? ஆசிரியர்களுக்கு எந்த வகையில் உதவலாம்? ஓரிடத்தில் உட்காராமல் துருதுருவென்று இருக்கும் பிள்ளையை எப்படிக் கவனிப்பது? இப்படி அவர் எழுதிக் கேட்பார். எந்திரம் நொடியில் பதில் எழுதும்.

செய்தியைக் கேட்டால் சிரிப்பு வருகிறதல்லவா? அது சிறு பிள்ளைகள் படிக்கும் பள்ளி. ஆனால் பெரிய பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளிகளிலோ, எந்திரம் வேறு விதமாக, சத்தம் போடாமல் உள்ளே வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அது சிரிக்கும் விஷயம் அல்ல. அங்கே பிள்ளைகளின் வாழ்க்கையே அடங்கியிருக்கிறது.

ஹெட்மாஸ்டர் வேலை என்ன?

உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் என்றால், மணி அடிக்கச் சொல்லி, கையெழுத்துப் போடுகிறவர் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு.

காலையில் இரண்டு ஆசிரியர்கள் லீவு. அவர்கள் வகுப்புக்கு யாரை அனுப்புவது? எட்டாம் வகுப்பில் ஒரு பையன் பத்து நாளாகக் காணோம். ஏன் வரவில்லை? பத்தாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குத் திடீரென்று மார்க்கு குறைந்துவிட்டது. என்ன காரணம்? மேலிடத்திலிருந்து புள்ளிவிவரம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பையன்கள் சண்டை. சாயங்காலம் ஒரு தகப்பனார் கோபத்தோடு வந்து நிற்கிறார்.

இத்தனையையும் ஒரே மனிதர் பார்க்க வேண்டும். ஐந்நூறு, ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையையும் அவர் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. அந்த இடத்தில்தான் எந்திரம் வந்து, "நான் நினைவு வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுகிறது.

எறும்பும் மழையும்

இந்த எந்திர மூளைக்குச் 'செயற்கை நுண்ணறிவு' என்று பெயர். சுருக்கமாக 'ஏ.ஐ.' என்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது?

எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனால், "மழை வரப் போகிறது" என்று கிராமத்துப் பெரியவர் சொல்லுவார். எப்படித் தெரிந்தது? பல வருஷம் பார்த்த பழக்கம். எறும்பு மேட்டுக்குப் போனபோதெல்லாம் பெரும்பாலும் மழை வந்தது. ஆகவே இந்தத் தடவையும் வரும் என்கிறார்.

எந்திரம் செய்வதும் அதுதான். முன்பு படித்த லட்சக்கணக்கான பிள்ளைகளின் கணக்கை அதற்குள் போடுகிறார்கள். யார் எத்தனை நாள் பள்ளிக்கு வந்தார்கள், எத்தனை மார்க்கு வாங்கினார்கள், யார் படிப்பை முடித்தார்கள், யார் நடுவில் நின்றார்கள் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். எந்திரம் அதில் ஒற்றுமை தேடுகிறது. பிறகு இன்று படிக்கும் ஒரு பையனின் கணக்கைக் காட்டினால், "இவனைப் போன்றவர்கள் முன்பு பெரும்பாலும் நின்றுவிட்டார்கள். இவனும் நின்றுவிடக் கூடும்" என்று சொல்லுகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எறும்பு மழையைக் கொண்டு வருவதில்லை. அது அடையாளம்தான்! அதுபோல, பையன் பத்து நாள் வராதது ஓர் அடையாளம். அவன் தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா, வீட்டில் அரிசி இல்லையா, வகுப்பில் யாராவது கேலி செய்தார்களா? இது எதுவும் எந்திரத்துக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது 'பத்து' என்ற எண் மட்டுமே.

பச்சை, மஞ்சள், சிவப்பு

அமெரிக்காவில் விஸ்கான்சின் என்று ஒரு மாநிலம். அங்கே பள்ளிப் படிப்பை நடுவில் விடும் பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும் என்று அரசாங்கம் விரும்பியது. நல்ல எண்ணம்தான். 2012-ம் ஆண்டில் அதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் முறையைத் தொடங்கினார்கள்.

ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்திரம் ஒரு மதிப்பெண் போட்டது. இந்தப் பிள்ளை பள்ளிப் படிப்பை உரிய காலத்தில் முடிக்குமா, முடிக்காதா என்பதுதான் அந்த மதிப்பெண். பரீட்சை மார்க்கு, வருகை, தண்டனை பெற்ற விவரம், வீட்டின் வறுமை, பிள்ளையின் இனம் எல்லாம் கணக்கில் சேர்ந்தன. ஆபத்து எவ்வளவு என்று நிறம் போட்டுக் காட்டிய பட்டியல், வருஷத்துக்கு இரண்டு முறை பள்ளிக்கூடங்களுக்குப் போயிற்று.

பத்து வருஷம் கழித்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2023-ம் ஆண்டில் 'தி மார்க்கப்' என்ற பத்திரிகை அதன் முடிவை வெளியிட்டது. "இந்தப் பிள்ளை உரிய காலத்தில் படிப்பை முடிக்காது" என்று எந்திரம் சொன்ன நான்கு பேரில், ஏறக்குறைய மூன்று பேர் ஒழுங்காகப் படித்து முடித்துவிட்டார்கள்!

அது மட்டும் அல்ல. இப்படிப்பட்ட வீண் எச்சரிக்கை, வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளைவிடக் கறுப்பர் வீட்டுப் பிள்ளைகளுக்கு 42 சதவீதப் புள்ளிகள் அதிகமாக இருந்தது. இது 2021-ம் ஆண்டில் அந்த மாநிலக் கல்வி இலாகாவே எடுத்த கணக்கு. பத்திரிகைக்காரர்கள் மாணவர்களைச் சந்தித்துக் கேட்டார்கள். இப்படி ஒரு பட்டியல் இருப்பதே எங்களுக்குத் தெரியாதே என்று அவர்கள் திகைத்தார்கள்.

எந்திரத்தைச் செய்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. "வீண் எச்சரிக்கை வந்தாலும் பரவாயில்லை, உதவி தேவைப்படும் ஒரு பிள்ளை விட்டுப் போகக் கூடாது" என்பது அவர்கள் எண்ணம். சிவப்பு நிறத்தைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்குக் கூட ஒரு கை கொடுப்போம்" என்று ஆசிரியர் நினைத்தால் நல்லதே. "இது தேறாத பிள்ளை" என்று நினைத்துவிட்டால்?

ஒரே பட்டியல்தான். ஒரு பள்ளியில் அது மருந்துச் சீட்டு. இன்னொரு பள்ளியில் அது தலையெழுத்து! மருந்தா, தலையெழுத்தா என்பதைத் தீர்மானிப்பவர் தலைமை ஆசிரியர்.

பட்டியல் வந்தது, உதவி வந்ததா?

அதே 2023-ல் ஆராய்ச்சியாளர் சிலர் விஸ்கான்சின் மாநிலத்தின் 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமான மாணவர்களின் பழைய கணக்கை எடுத்து ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்ட முடிவு எல்லாரும் யோசிக்க வேண்டியது.

பிள்ளைகளை ஆபத்து அதிகம், ஆபத்து குறைவு என்று வரிசைப்படுத்துவதில் எந்திரம் கெட்டிக்காரத்தனமாகவே வேலை செய்தது. ஆனால் அந்த வரிசையால் அதிகம் பேர் படிப்பை முடித்தார்கள் என்று உறுதியாகக் காட்ட முடியவில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அந்தந்தப் பள்ளியின் பொறுப்பாக இருந்தது. ஜுரம் எவ்வளவு என்று தெர்மாமீட்டர் சொல்லிவிட்டது. மருந்து கொடுப்பது யார்?

இன்னொரு உண்மையும் தெரிய வந்தது. எந்தப் பிள்ளை தவறும் என்று ஒவ்வொருவராகத் துருவிப் பார்க்க வேண்டிய அவசியமே அதிகம் இல்லை. எந்தப் பள்ளிக்கூடம், எந்த வட்டாரம் கஷ்டத்தில் இருக்கிறது என்று பார்த்து, அங்கே உதவியை அனுப்பினாலே ஏறக்குறைய அதே பிள்ளைகளுக்கு உதவி போய்ச் சேர்ந்துவிடும். இதற்குப் பெரிய எந்திரம் எதற்கு?

சிக்காகோ கண்ட எளிய வழி

விஸ்கான்சினுக்குத் தெற்கே பக்கத்து மாநிலத்தில் சிக்காகோ நகரம் இருக்கிறது. அங்கேயும் இதே கவலை. உயர்நிலைப் பள்ளியில் சேரும் பிள்ளைகளில் நிறையப் பேர் படிப்பை முடிக்கவில்லை.

சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். உயர்நிலைப் பள்ளியின் முதல் வருஷமான ஒன்பதாம் வகுப்பைப் பார்த்தாலே போதும் என்றார்கள். அந்த ஒரு வருஷத்தில் பிள்ளை முழு வருஷப் பாடங்களில் ஐந்தையாவது தேறியிருக்க வேண்டும். இங்கிலீஷ், கணக்கு, விஞ்ஞானம், சமூகப் பாடம் ஆகிய முக்கியப் பாடங்களில் ஓர் அரையாண்டுப் பாடத்துக்கு மேல் தோற்றிருக்கக் கூடாது. இவ்வளவுதான். இப்படி இருந்தால் பிள்ளை 'சரியான தடத்தில்' இருக்கிறது என்று அர்த்தம்.

இதைக் கணக்கிடக் கம்ப்யூட்டரே வேண்டாம். ஒரு பென்சிலும் ஒரு காகிதமும் போதும்!

2005-ம் ஆண்டு வெளிவந்த அறிக்கையின்படி, தடத்தில் இருந்த பிள்ளைகள் நான்கு வருஷத்தில் படிப்பை முடிப்பது, தடம் தவறிய பிள்ளைகளைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகம். எட்டாம் வகுப்புப் பரீட்சை மார்க்கு, வீட்டு வறுமை, இனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதைவிட, இந்த எளிய அடையாளம் நன்றாக வழி காட்டியது.

இதை அறிந்ததும் தலைமை ஆசிரியர்கள் என்ன செய்தார்கள்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் மார்க்கும் வருகையும் அவ்வப்போது கைக்கு வரும்படி ஏற்பாடு ஆயிற்று. ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து, பெயர் பெயராக எடுத்துப் பேசினார்கள். சிலருக்குத் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். சிலர் வீட்டுக்குப் போன் செய்தார்கள். தோற்ற பின் வருந்தாமல், தோற்பதற்கு முன்பே பிள்ளையைப் பிடித்தார்கள்.

பலன்? 2007-ல் 100-க்கு 57 பேர்தான் தடத்தில் இருந்தார்கள். 2013-ல் 82 பேர்! பிறகு படிப்பை முடிப்பவர்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது.

இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விஸ்கான்சினில் கெட்டிக்கார எந்திரம் இருந்தது. சிக்காகோவில் எளிய கணக்கு இருந்தது. கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளையிடம் போன ஆசிரியர்களும் இருந்தார்கள். சிக்காகோவின் கணக்கு எல்லாருக்கும் புரிந்தது. "உன் பெயர் ஏன் இதில் இருக்கிறது தெரியுமா? கணக்கில் தோற்றிருக்கிறாய். வா, சரி செய்வோம்" என்று பிள்ளையிடமே சொல்ல முடிந்தது. "உன் நிறமும் உன் வீட்டு வறுமையும் சேர்ந்து உனக்குச் சிவப்பு மார்க்கு வந்திருக்கிறது" என்று எந்த ஆசிரியர் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுவார்?

தலைமை ஆசிரியர் கையெழுத்துக்கு மதிப்பில்லை

எந்திரக் கணக்கு பள்ளிக்கூடத்தை மீறினால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து கண்டது.

2020-ல் கொரோனா நோய் பரவியது. பள்ளி இறுதிப் பரீட்சைகளை ரத்து செய்தார்கள். அப்படியானால் சர்வகலாசாலையில் சேர மார்க்குக்கு எங்கே போவது? ஒவ்வொரு பள்ளியும் தன் மாணவர்களுக்குரிய தரத்தை எழுதி அனுப்பச் சொன்னார்கள். ஒரு பாடத்தில் யார் முதல், யார் கடைசி என்று வரிசையும் கொடுக்கச் சொன்னார்கள். தலைமை ஆசிரியர் உறுதி கூறிக் கையெழுத்திட்டு அனுப்பினார்.

பரீட்சைகளை மேற்பார்க்கும் அலுவலகம் அதை அப்படியே ஏற்கவில்லை. ஒரு கணக்கு முறைக்குள் போட்டது. இது ஏ.ஐ. என்று சொல்லும் அளவுக்குப் பெரிய மூளை அல்ல. சாதாரணக் கம்ப்யூட்டர் கணக்குதான். ஆனால் பாடம் ஒன்றே. அந்தப் பள்ளி முந்தைய ஆண்டுகளில் எப்படித் தேறியது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி இந்த ஆண்டு மாணவர்களுக்கும் தரம் போட்டது அந்தக் கணக்கு.

இதன் பொருள் என்ன? நீ எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், உன் பள்ளியில் உனக்கு முன்னால் படித்தவர்கள் உயர்ந்த தரம் வாங்கியதில்லை என்றால், உனக்கும் கிடைப்பது கஷ்டம்! அண்ணன்மார் வாங்கிய மார்க்கு தம்பியின் தலையில் விடிந்தது.

ஆகஸ்டு 13-ந் தேதி முடிவு வெளியாயிற்று. ஆசிரியர்கள் கொடுத்த தரத்தில் 100-க்கு 39 குறைக்கப்பட்டிருந்தன. மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் கொடுத்த தரத்தையே வைத்துக்கொண்டார்கள். இதனால் சிறு சிறு வகுப்புகள் நடத்தும், பணம் கட்டிப் படிக்கும் பள்ளிகளுக்கு லாபம். கூட்டம் நிறைந்த பொதுப் பள்ளிகளுக்கு நஷ்டம்.

மாணவர்கள் லண்டன் வீதிகளில் இறங்கினார்கள். கல்வி இலாகாவின் வாசலில் கோஷம் எழுந்தது. நான்கே நாளில், ஆகஸ்டு 17-ந் தேதி, அரசாங்கம் பணிந்தது. ஆசிரியர் கொடுத்த தரமே செல்லும் என்று அறிவித்தது. அந்த மாதம் முடிவதற்குள் பரீட்சை மேற்பார்வை அலுவலகத்தின் தலைவி பதவியை விட்டு விலகினார்.

கவனியுங்கள். கணக்குப் போட்டது கம்ப்யூட்டர். பதவி விலகியது மனிதர். எந்திரம் ராஜினாமா செய்யாது. மன்னிப்புக் கேட்காது. அழுதுகொண்டு வரும் தாயாருக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லாது. பதில் சொல்ல வேண்டியவர் எப்போதும் மனிதர்தான்.

சூரிய பொம்மை மறைந்த கதை

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பள்ளிகள் 2024-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஓர் ஏ.ஐ. உதவியாளனைக் கோலாகலமாகத் தொடங்கின. அதன் பெயர் 'எட்'. செல்போனில் சூரியன் உருவில் ஒரு பொம்மை வரும். பிள்ளையின் மார்க்கு என்ன, பஸ் எப்போது வரும் என்று பெற்றோர் கேட்டால் பதில் சொல்லும். இதற்காகப் போட்ட ஒப்பந்தம் 60 லட்சம் டாலர் வரை!

மூன்று மாதம்கூட நன்றாக ஓடவில்லை. அதைச் செய்து கொடுத்த கம்பெனி பணமில்லாமல் தள்ளாடியது. ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது. பேசும் சூரியன் அஸ்தமித்துவிட்டது.

புது எந்திரம் விற்க வருகிறவர் இனிக்க இனிக்கப் பேசுவார். பள்ளியை நடத்துகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நாளைக்கு நீ கடையை மூடிவிட்டால், உன்னிடம் கொடுத்த எங்கள் பிள்ளைகளின் விவரம் எங்கே போகும்?

குரலைத் திருடிய எந்திரம்

பால்டிமோர் நகரை அடுத்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் நடந்தது இன்னும் பயங்கரம். 2024 ஜனவரியில் ஓர் ஒலிப்பதிவு ஊரெங்கும் பரவியது. அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியரின் குரல், கறுப்பு மாணவர்களையும் யூதர்களையும் கேவலமாகப் பேசியது. ஊர் கொதித்தது. அவருக்கு மிரட்டல்கள் வந்தன. வீட்டுக்குப் போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. வேலையிலிருந்து அவரை ஒதுக்கி வைத்தார்கள்.

அவரோ அப்படி ஒரு வார்த்தை பேசியதே இல்லை! ஏ.ஐ. எந்திரத்தைக் கொண்டு அவர் குரலைப் போலவே செய்த போலிப் பதிவு அது. பள்ளிப் பணம் சம்பந்தமாக அவர் விசாரித்துவந்த ஓர் ஊழியர்தான் இதைச் செய்தார் என்று போலீசார் கூறினார்கள். ஏப்ரலில் அந்த ஊழியரைக் கைது செய்தார்கள். 2025 ஏப்ரலில் கோர்ட்டு அவருக்கு 4 மாதச் சிறைத் தண்டனை விதித்தது.

உண்மை வெளிவர மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை ஒரு மனிதர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். 'காதால் கேட்பதும் பொய்' என்று நம் பெரியவர்கள் சொன்னது இப்போது சட்ட விஷயமே ஆகிவிட்டது. இனிமேல் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு பதிவோ படமோ செல்போனில் வந்தால், அதை நம்புவதற்கு முன்னும், பிறருக்கு அனுப்புவதற்கு முன்னும் விசாரிக்க வேண்டும்.

எந்திரம் நல்லதே செய்யாதா?

செய்யும். நன்றாகவே செய்யும். லீவு போட்ட ஆசிரியர்களுக்குப் பதிலாக யாரை எந்த வகுப்புக்கு அனுப்பலாம் என்று கால அட்டவணை போட்டுத் தரும். பத்துப் பக்கச் சுற்றறிக்கையை அரைப் பக்கமாகச் சுருக்கிக் கொடுக்கும். பெற்றோருக்குக் கடிதம் எழுத உதவும். வேறு மொழி பேசும் குடும்பத்துக்கு அவர்கள் மொழியில் எழுதித் தரும். ஆயிரம் பேர் வருகைப் பதிவில், தொடர்ந்து வராத ஐந்து பேரைச் சட்டென்று எடுத்துக் காட்டும்.

காகித வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டால் தலைமை ஆசிரியருக்கு ஒரு மணி நேரம் மிச்சம். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வகுப்புகளைச் சுற்றி வரலாம். பிள்ளைகளோடு பேசலாம். எந்திரத்தின் உண்மையான லாபம் அதுதான். மிச்சமான நேரத்தில் இன்னும் பத்துப் புள்ளிவிவரப் படிவம் வந்து சேர்ந்தால் லாபம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எந்திரம் தெரியாததையும் தெரிந்தது போல அழகாக எழுதிவிடும். அது எழுதியதை ஒரு தடவை படித்துச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. பிள்ளைகளின் சொந்த விஷயங்களை, ஊர் பெயர் தெரியாத கம்ப்யூட்டருக்குள் தட்டிவிடவும் கூடாது.

ஐரோப்பிய நாடுகள் இதற்குச் சட்டமே செய்துவிட்டன. அந்தச் சட்டம் 2024 ஆகஸ்டில் அமுலுக்கு வந்தது. பள்ளியில் யாரைச் சேர்ப்பது, எத்தனை மார்க்கு போடுவது போன்றவற்றைத் தீர்மானிக்கும் ஏ.ஐ. எந்திரங்களை 'அதிக ஆபத்து' உள்ளவை என்று அது வகைப்படுத்துகிறது. அவற்றை மனிதர் மேற்பார்க்க வேண்டும். பிள்ளையின் முகத்தைப் பார்த்து அது சந்தோஷமாக இருக்கிறதா, சலிப்பாக இருக்கிறதா என்று கணிக்கும் எந்திரத்தை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்குத் தவிர, பள்ளிகளில் வைக்கவே கூடாது. இந்தத் தடை 2025 பிப்ரவரி 2-ந் தேதி முதல் நடப்பில் இருக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைகள்

இதெல்லாம் சீமைக் கதை என்று நினைக்க வேண்டாம். 2017-ம் ஆண்டு வாக்கிலேயே பக்கத்து ஆந்திராவில், எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிடக் கூடும் என்று கணிக்க, மைக்ரோசாப்ட் கம்பெனியின் எந்திரக் கணக்கை அரசாங்கம் பயன்படுத்தியது. தமிழ்நாட்டிலும் பிள்ளைகளின் விவரம் 'எமிஸ்' என்ற கம்ப்யூட்டர் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. விவரம் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால், அதைக் கொண்டு கணிக்க எந்திரம் வருவது அடுத்த படி.

ஆகவே பெற்றோர்கள் மூன்று கேள்விகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மரியாதையாக, ஆனால் தயங்காமல் கேட்கலாம்.

ஒன்று: என் பிள்ளையைப் பற்றி எந்திரம் ஏதாவது சொல்லியிருக்கிறதா? எதை வைத்துச் சொன்னது?

இரண்டு: அது சொன்னது தவறாக இருந்தால், அதை மாற்றும் அதிகாரம் உள்ள மனிதர் யார்? அவர் பெயர் என்ன?

மூன்று: சரியாக இருந்தால், என் பிள்ளைக்கு நீங்கள் என்ன உதவி செய்யப் போகிறீர்கள்? நான் என்ன செய்ய வேண்டும்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். அதற்குப் பதில் இல்லாத பள்ளிக்கூடத்தில் எந்த எந்திரம் இருந்தும் பயன் இல்லை. அதற்குப் பதில் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் பழைய வருகைப் பதிவேடே பாதி எந்திரம்!

எதிர்காலத்தில் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரின் மேஜைமேல் எந்திரம் இருக்கத்தான் போகிறது. அதைத் தடுக்க வேண்டியதில்லை. அது காலையில் ஐந்து பெயர்களைக் காட்டட்டும். காட்டிய பிறகு, நாற்காலியை விட்டு எழுந்து போய், "ஏனப்பா, நேற்று வரவில்லை? வீட்டில் என்ன விசேஷம்?" என்று ஒருவர் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்குப் பையன் தலையைக் குனிந்துகொண்டு சொல்லும் பதில் எந்தப் பட்டியலிலும் இராது. அவன் படிப்பு தொடர்வதும் நிற்பதும் பெரும்பாலும் அந்தப் பதிலைக் கேட்க ஒருவர் இருக்கிறாரா என்பதில்தான் இருக்கிறது.